துரையின் படுக்கை வண்டியும் நல்லையாவின் கையெழுத்தும்

மலாயாவின் சுதந்திரத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. மலாக்காவில் ஆளுக்கு ஆள் எதையாவது கழற்றிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர்கள் ராணி படத்தைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் யாரை மாட்டுவது என்று முடிவாகாததால் ஆணியை மட்டும் விட்டுவைத்தார்கள். ஃபெல்டன் துரை ஒருவர்தான் மாட்டிக்கொண்டிருந்தார். பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, வெள்ளைச் சாயம் அடித்து, உள்ளே கட்டில் மாட்டினார், அலமாரி மாட்டினார், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை மாட்டினார், மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு கெட்டிலும் வைத்தார்.

துரை ரப்பர் தோட்ட மேனேஜர். ஜப்பான்காரன் காலத்தைக் கழித்தால் இருபத்திரண்டு வருடம் இந்த நாட்டில் பங்களாவில் தூங்கியவர். போகிற நேரத்தில்தான் நாட்டைப் பார்க்கும் ஆசை வந்தது. கடற்கரை கடற்கரையாகத் தங்கிப் பினாங்கு வரை ஓட்டிப் போய், அங்கே வண்டியை விற்றுவிட்டுக் கப்பலேறுவதாகத் திட்டம். ஊரார் அதற்குப் படுக்கை வண்டி என்று பெயர் வைத்தார்கள். படுத்துக்கொண்டே நாட்டை ஆண்டவர் படுத்துக்கொண்டே விடைபெறுவதில் என்ன தவறு என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். ஊர் வாய்க்கு யார் மூடி போடுவது?

அந்த வண்டியின் எஞ்சின் வேலை நல்லையாவிடம் வந்தது. நல்லையா துரையின் தோட்டத்திலேயே பதினான்கு வருடம் ரப்பர் ஆலை எஞ்சினைப் பார்த்தவர். டீசல் கண்ணில் படாத ஜப்பான்காரன் காலத்தில் செம்பனை எண்ணெயைக் காய்ச்சி ஊற்றி அதே எஞ்சினை ஓட்டிக் காட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு தோட்டத்தை விட்டு வந்து, காஜா பெராங்கில் பாதி வீடு வாடகைக்கு எடுத்து, மனைவி கோகிலாவோடு குடியேறினார். அங்கேயே ஷரீஃபுதீன் ராவுத்தரின் பட்டறையில் வேலை. ஆள் குட்டை. பேச்சு அதைவிடக் குட்டை. பிடிவாதம் மட்டும் உயரம்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் வேலை முடிந்தால் பொட்டு வைப்பார். அதற்குப் பிறகுதான் சாவி கைமாறும். ஆரம்பத்தில் சந்தனம்தான் வைத்தார். எண்ணெய் கசியும் இரும்பில் சந்தனம் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. கோகிலா ஜவ்வரிசியைக் கருக வறுத்து, காய்ச்சி, குங்குமம் கலந்து சாந்து செய்து சிரட்டையில் ஊற்றி வைப்பாள். தலைமுறைகளாக மலாய் பேசித் தமிழை மறந்தாலும் பொட்டில் குறை வைக்காத பக்கத்துச் செட்டி வீட்டுப் பெண்கள் அதைத் தேடி வந்து வாங்கிப் போவார்கள். நல்லையா அந்தச் சாந்தில் இரண்டு சொட்டு வார்னிஷ் விட்டார். அவ்வளவுதான். காய்ந்த பிறகு எண்ணெயில் ஊறினாலும் போகாத பொட்டு ஒன்று மலாயாவில் பிறந்தது. எஞ்சினைப் பற்றிப் பெருமை பேசாத மனிதர், அந்த வார்னிஷைப் பற்றிப் பேசுவார்.

படுக்கை வண்டி வேலை முடிந்த அன்று துரை பட்டறைக்கே வந்து நின்றார். துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் கற்றதெல்லாம் வேலை ஏவுகிற தமிழ்; போ, வா, கொண்டா, நிறுத்து.

“நல்லையா. வண்டி வெள்ளை. பொட்டு இல்லை. புரியுது?”

“புரியுதுங்க தொரை.”

புரிந்தது என்றால் ஒப்புக்கொண்டது என்று அர்த்தமில்லை. இருபத்திரண்டு வருடத்தில் துரை கற்றுக்கொள்ளாத தமிழ் அது. அவர் ராவுத்தரோடு உள்ளே போன நேரத்தில் நல்லையா சிரட்டையை எடுத்தார். எங்கே வைத்தார் என்று யாருக்கும் சொல்லவில்லை. துரை குனிந்து பார்க்காத இடம் என்பது மட்டும் நிச்சயம்.

முதல் பயணம் போட்டிக்சன் கடற்கரைக்கு. மஸ்ஜித் தானாவைத் தாண்டிய மேட்டில் வண்டிக்கு மூச்சு வாங்கியது. மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று துரையை முந்திப் போனது. அதன் மேல் உட்கார்ந்திருந்த ஆள் திரும்பிப் பார்த்துக் கை காட்டியதாகவும் ஒரு தகவல். துரை ஓரம் கட்டினார். வெள்ளைக்காரனுக்குச் சங்கடம் வந்தால் செய்வதைச் செய்தார். அடுப்பை மூட்டி டீ போட்டார். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சிங்கம் போலக் கத்தியது. பதினைந்து மைல் போனதும் மறுபடி பூனை. மறுபடி டீ. போட்டிக்சன் போய்ச் சேர்வதற்குள் மூன்று டீ. இதை அவர் கிளப்பில் சொல்ல, சிரிக்கத் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்திருந்த சில கனவான்கள் சிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வண்டி பட்டறையில் நின்றது. நல்லையா சாவியைத் திருப்பினார். ஒரு குறையும் இல்லை.

“சூடு ஏறுதுய்யா. எஞ்சினு ஹெட்டக் கழட்டிப் பாத்துருவோம்,” என்றார் ராவுத்தர்.

“கழட்டறது எப்ப வேணாலும் கழட்டலாம் பாய். வியாதி என்னன்னு தெரியாம வயித்தக் கிழிக்கிறதா?”

“டீ குடிக்கிற நேரம் நிறுத்துனா சரியாயிருதுங்கிறாரே. சூடு இல்லாம என்ன?”

“டீ குடிச்சா சரியாவுற வியாதி தொரைக்குத்தான் வரும். எஞ்சினுக்கு வராது.”

மறுநாள் கலியாணசுந்தரம் வந்தார். தோட்டத்துத் தலைமைக் கிராணி. துரையின் கடிதங்களையும் துரையின் கோபத்தையும் தட்டச்சு செய்பவர். இரண்டு தாள்களைக் குண்டூசியால் சேர்த்துக் குத்திக் கொண்டுவந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கார் பட்டறையில் பிட்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நல்லையா மனுப் போட்டிருந்தார். மனுவோடு பழைய முதலாளியின் கேரக்டர் கடுதாசி வேண்டும். சனிக்கிழமை கடைசி நாள். அந்தக் காலத்தில் ஒருவன் பிறந்ததற்கு அத்தாட்சி இல்லாவிட்டாலும் நல்லவன் என்பதற்குத் துரையின் கடுதாசி இருந்தால் போதும். அதை எழுத வேண்டியவர் ஃபெல்டன் துரைதான். நாடு கைமாறுகிறது, கடுதாசி மட்டும் மாறவில்லை.

“இதுல கையெழுத்துப் போடு. போட்டதும் கடுதாசி தர்றேன்னு தொரை சொல்லிட்டாரு,” என்றார் கிராணி.

“என்னங்கய்யா எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்ல. சம்பிரதாயம்.”

“சம்பிரதாயத்தப் படிச்சுக் காட்டுங்க.”

கிராணி தொண்டையைச் செருமினார். “‘நல்லையா ஆகிய என்னுடைய கவனக்குறைவான வேலையினால் மேற்படி எஞ்சின் கெட்டுப்போனது என்று ஒப்புக்கொள்கிறேன்.’ ரெண்டு பிரதி. கிளப்புல சிரிச்சது தொரைக்கு இன்னும் ஆறல.”

“எஞ்சினு ரோசாக் ஆவலைங்கய்யா, கெடவே இல்ல.”

“ஆச்சோ ஆவலையோ. தொரை கப்பல் ஏறிருவாரு. தாள் எங்கயோ பொட்டியில கெடக்கும். யாரு பாக்கப் போறா?”

“எஞ்சினு பாக்கும்.”

கிராணி வானத்தைப் பார்த்தார். அங்கே உதவி இல்லை. “அப்ப என்னதாய்யா கேக்குற?”

“வண்டியில என்னைய ஏத்திக்கிட்டு, அது படுக்கிற எடம் வரைக்கும் போவணும். நடுவுல டீ கெடையாது. நோவு எதுன்னு அங்கயே காட்டுறேன். காட்டாட்டி, நீங்க சொல்ற எடத்துல கையெழுத்து.”

துரை சம்மதித்தார். வியாழக்கிழமை காலை என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் கோகிலா சோறு போட்டுக்கொண்டே விசாரணை நடத்தினாள்.

“சர்க்கார் வேல கெடைச்சா, லீவு உண்டு, பென்சன் உண்டுன்னு சொன்னீங்க.”

“உண்டு.”

“ஒரு கையெழுத்துல கெடைக்குமாம்.”

“ஆமா.”

“போட்டுட்டு வந்தாலும் சோறு இருக்கும்,” என்றாள் கோகிலா. “ஆனா நீங்கதான் போட்டுத் திங்கணும்.”

நல்லையா மோர் கேட்டார். கிடைத்தது.

புதன்கிழமை முழுக்க அவர் வெளிப்படையான சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டார். துரை விரித்திருந்த புதுக் கம்பளம் மிதியின் அடியில் மடிந்து தடுக்கிறதா? இல்லை. அலமாரி எஞ்சினுக்குப் போகும் காற்றை மறிக்கிறதா? இல்லை. டீசல் பில்டரைப் பிரித்துப் பார்த்தார். துடைத்து வைத்த தட்டு போல இருந்தது. பிறகு டேங்கியை வாய்வரை நிரப்பச் சொல்லிப் பட்டறைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று மட்டும் தானே போய் நிரப்பியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வியாழக்கிழமை ஏறும்போதே ஒரு சிக்கல். முன்னால் இரண்டு இருக்கைதான். ஒன்று துரைக்கு. இன்னொன்றைப் பதவியைக் கருதிக் கிராணி எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்தது துரையின் கட்டில், வெள்ளை விரிப்போடு.

“நீ கீழே உட்கார்,” என்றார் துரை.

“கீழ உக்காந்தா சத்தம் ஒரு பக்கமாத்தான் கேக்கும் தொரை,” என்று சொல்லி, நல்லையா செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். காதைத் தலையணையில் வைத்தார். பதினான்கு வருடம் நின்றுகொண்டே பார்த்த வேலையை அன்றைக்குப் படுத்துக்கொண்டு பார்த்தார். துரை பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அதைக் கண்டார். வைத்தியர் நோயாளியின் கட்டிலில் படுத்தால் எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று தெரியாமல் கியரைப் போட்டார்.

தெங்கேரா போனது, கிளேபாங் போனது. வலப்பக்கம் தென்னை, இடப்பக்கம் கடல். வண்டி மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓடியது. கிராணி இரண்டு முறை கொட்டாவி விட்டார். சுங்கை ஊடாங் தாண்டியதும் கட்டிலுக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். நல்லையா கண்ணைத் திறந்தார். கொஞ்ச தூரத்தில் இன்னொரு ‘டொக்’. பகலெல்லாம் வெயிலில் கிடந்த காலி மண்ணெண்ணெய் டின், சாயங்காலம் குளிர்ந்து சுருங்கும்போது போடுகிற அதே சத்தம். டீசல் டேங்கி அந்தக் கட்டிலுக்கு நேர் கீழேதான் இருந்தது.

மஸ்ஜித் தானா மேட்டில் வண்டி மூச்சு வாங்கியது.

“வந்தாச்சு,” என்றார் துரை. குரலில் வெற்றியா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கை தானாகக் கெட்டில் பக்கம் போயிற்று.

“டீ வேணாம் தொரை. ஓரங்கட்டுங்க, எஞ்சின அணைக்காதீங்க. கியர எடுத்துட்டு மிதிச்சபடியே இருங்க. கிராணியய்யா, பின்னால எட்டிப் பாருங்க. பொகை கறுப்பா வருதா?”

“இல்ல.”

“வெள்ளையா?”

“இல்ல.”

“எண்ணெய் கணக்கா நீலமா?”

“ஒண்ணுமே இல்லய்யா. சாதுவா நிக்குது.”

“அப்பச் சரி. காத்து கெடைக்காட்டி கறுப்பாக் கக்கும். உள்ளாற தேஞ்சிருந்தா நீலமா விடும். பொகையே இல்லன்னா அது வியாதி இல்ல, பசி. டேங்கி நெறைய டீசல் இருக்கு, எஞ்சினுக்கு வந்து சேரல.”

இறங்கி வண்டியின் பின்பக்கம் போனார். டேங்கி வாய்க்கு ஒரு சின்னத் தகரக் கதவு உண்டு. திறந்தார். உள்ளே மூடி. மூடியின் நட்ட நடுவில், கல்யாணப் பெண் நெற்றியில் இருப்பது போல, வழுவழுவென்று, சிவப்பாக, அவருடைய பொட்டு.

டேங்கி மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். டீசல் வெளியே போகப் போக அந்த வழியாகக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால், டின் பாலில் ஒற்றை ஓட்டை போட்டுக் கவிழ்த்த கதைதான். உள்ளே இருக்கும், வெளியே வராது. அரை மணி நேரம் நின்றால் மூடியின் விளிம்பு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். துரையின் டீ செய்த வைத்தியம் அதுதான். துவாரம் இருப்பது மூடியின் மையத்தில். பொட்டு வைக்கத் தெரிந்தவன் எவனும் மையத்தில்தானே வைப்பான்? இதுவரை டீசல் ஊற்றிய தமிழன் ஒவ்வொருவனும் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பானே தவிர, இங்கே என்ன பொட்டு என்று ஒருவனும் கேட்டிருக்க மாட்டான்.

துரை முன்னால் மிதித்துக்கொண்டிருந்தார். கிராணி மறுபக்கம் தலையை நீட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நல்லையாவும் நகமும் மட்டும். நகம் பத்தாவிட்டால் பையில் ஸ்குரு டிரைவர் இருந்தது. ஒரு சுரண்டல். ‘துரு அடைச்சிருந்தது தொரை’ என்று ஒரு வார்த்தை. கடுதாசி, சர்க்கார் பட்டறை, பென்சன் எல்லாம் அந்தத் துருவில் கிடைக்கும். துரு வந்து மறுக்கப் போவதில்லை.

நல்லையா கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

“தொரை, எறங்கி வாங்க. கிராணியய்யா, அந்த மிதிய நீங்க மிதிங்க.”

வாழ்க்கையில் தட்டச்சுப் பொறியைத் தவிர வேறு எஞ்சினை இயக்காத கலியாணசுந்தரம் மிதித்தார். துரை பின்னால் வந்து நின்றார்.

“குனிஞ்சு பாருங்க தொரை.”

துரை குனிந்தார்.

“பொட்டு.”

“ஆமாங்க. என்னுது.” நல்லையா மூடியைத் திருகினார். ‘ஸ்ஸ்ஸ்’ என்று டேங்கி காற்றை இழுத்தது. தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே வந்தவன் இழுக்கும் மூச்சு அது. அடியில் ‘டொக்’ என்று தகரம் தன் இடத்துக்குத் திரும்பியது. நாலு நொடி. பிறகு எஞ்சின் கர்ஜித்தது. முன்னாலிருந்து “ஐயையோ” என்று கிராணியின் குரல் கேட்டது. காலை எடுத்திருப்பார் போலும், சத்தம் அடங்கியது.

துரையின் காது சிவந்தது. “நான் சொல்லுச்சு. பொட்டு இல்லை. நீ வை. ஏன்?”

“வண்டி தொரையோடது. வேல என்னோடது.”

“அப்போ உன் தப்பு. கையெழுத்துப் போடு.”

“பொட்டு என் தப்பு. ஒத்துக்குறேன். எஞ்சினு கெட்டுச்சுன்னு தாள்ல இருக்கு. கெட்ட எஞ்சினு போடுற சத்தமா தொரை இது?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ரெண்டும் வேற.”

கிராணி இறங்கி வந்து, தாள்களை நீட்டினார். “போட்டுத் தொலையேன் நல்லையா. காரியம் முடிஞ்சிருமில்ல.”

நல்லையா தாள்களை வாங்கினார். குத்தியிருந்த குண்டூசியை உருவினார். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குண்டூசியால் பொட்டின் நடுவில் குத்தி, துவாரத்தைத் திறந்தார். ஊதிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஊதினால் அந்தப் பக்கம் காற்று வந்தது. மூடியை மாட்டினார். பொட்டு அப்படியே இருந்தது, நடுவில் ஒரு ஊசிக் கண்ணோடு.

பிறகு துரையின் மடக்கு மேசையை இறக்கி, கிராணியின் நோட்டில் தன் கையாலேயே தமிழில் எழுதினார்: ‘தொரை வேண்டாம் என்று சொன்ன பிறகும் நான் பொட்டு வைத்தேன். அது டேங்கி மூடித் துவாரத்தை அடைத்தது. அதனால் வண்டிக்கு இழுவை போனது. எஞ்சின் கெடவில்லை. நான் பார்த்த எஞ்சின் இதுவரை கெட்டதில்லை. நல்லையா.’ கேட்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார், அவரே எழுதியதாயிற்றே.

கிராணி மொழிபெயர்த்துச் சொன்னார். கடைசி வரியை விட்டுவிடப் பார்த்தார். நல்லையா விரலால் தொட்டுக் காட்டியதும் அதையும் சொன்னார்.

“இனிமேல் வைக்காதே,” என்றார் துரை.

“வைப்பேன் தொரை. நடுவுல வைக்க மாட்டேன்.”

துரை வெகுநேரம் கடலைப் பார்த்தார். அந்த இடத்திலிருந்து கடல் தெரியாது. பிறகு அடுப்பை மூட்டி டீ போட்டார். மூன்று கோப்பை. இந்த முறை எஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிராணி கடுதாசியோடு காஜா பெராங் வீட்டுக்கு வந்தார். நாலு வரி. எஞ்சின் தெரிந்தவர், சோம்பேறி அல்ல, தனக்குச் சாதகமாக இருக்கும்போதும் பொய் சொல்லாதவர். நாலாவது வரி: ‘சொன்ன பேச்சைக் கேட்க மாட்டார்.’

“இந்த வரிய எடுத்துட்டு வேற தாள்ல அடிச்சுத் தர்றேன். தொரை பாக்க மாட்டாரு,” என்றார் கிராணி ரகசியமாக.

“இருக்கட்டுங்க,” என்றாள் கோகிலா உள்ளேயிருந்து. “இத்தன வருசமா நான் சொல்லி ஒருத்தரும் நம்பல. இப்ப தொரையே எழுதிட்டாரு.”

நாலு வரியோடேயே தாள் போயிற்று. சர்க்கார் பட்டறையில் கழுத்துப் பட்டை கட்டிய புது அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “சொன்னாக் கேக்க மாட்டீங்களாமே?”

“சொல்றது சரியா இருந்தா கேப்பேங்க.”

அதிகாரி இன்னொரு முறை படித்தார். அவருக்கு மொத்தம் ஏழு வண்டி ஓடாமல் நின்றது. வேலை கொடுத்தார்.

ஃபெல்டன் துரை ஆகஸ்டு நடுவில் புறப்பட்டார். படுக்கை வண்டி தெங்கேரா வழியாகப் போனபோது டேங்கிக் கதவு சரியாக மூடாமல் ஆடிக்கொண்டிருந்ததாகவும், உள்ளே சிவப்பு தெரிந்ததாகவும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சுரண்டி எடுக்க மறந்தாரா, மறுபடி குனிய மனமில்லையா, வேறு காரணமா என்று தெரியவில்லை. பினாங்கு வரை வண்டி எங்கும் படுக்கவில்லை என்று கிராணிக்குக் கார்டு வந்தது.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்தது. கொடி மாறியது. ஆணிகளில் புதுப் படங்கள் ஏறின. மூன்றாம் மாதம் சர்க்கார் பட்டறைச் சுவரில் புது அரசாங்கத்தின் சுற்றறிக்கை ஒன்றை ஒட்டினார்கள். பட்டறை வண்டிகளில் யாரும் எந்த விதமான குறியும், சாயமும், சின்னமும் இடக்கூடாது. அதிகாரி எல்லாரையும் நிறுத்தி வைத்து வாசித்துக் காட்டினார். கடைசியில் நல்லையாவைப் பார்த்து, “புரிஞ்சுதா?” என்றார்.

“புரிஞ்சுதுங்க,” என்றார் நல்லையா.

அதற்குப் பிறகு அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போன எந்த வண்டியின் டேங்கிக் கதவைத் திறந்தாலும் மூடியில் பொட்டு இருந்தது. துவாரத்துக்கு அரை அங்குலம் தள்ளி, ஓரமாக.